சன்னலும் திரையும்

அரசர்தம் போரும் முடிசூட்டும் மட்டுமே வரலாறு என எழுதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. ஒரு நாட்டு மக்கள் எதை உண்டனர், எதை உடுத்தனர், எத்தகைய வீட்டிற் படுத்துறங்கினர் என்பனவும் வரலாறேயாம் என்னும் எண்ணம் இன்று வலுப்பெற்றுள்ளது. அவ்வெண்ணத்தைத் துணையாகக் கொண்டு, பேராக் மாநிலத்துத் தோட்டத் தமிழர் வாழ்வில் ஒரு சிறு பொருளை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அப்பொருள் வீட்டுச் சன்னலும், அதற்கு அளவெடுத்துத் தைக்கும் திரையுமாம்.

'இதுவும் ஓர் ஆராய்ச்சிப் பொருளோ?' எனச் சிலர் நகைக்கலாம். தீபாவளி நெருங்குங்கால் ஈப்போ நகரின் லகாட் சாலைப் பக்கத்துத் துணிக்கடைகளை ஒருமுறை நோக்கினார் அங்ஙனம் நகையார். ஆண்டு முழுதும் சிக்கனமாய் இருந்த இல்லத்தரசிகள், துண்டுத் தாளிற் குறித்து வந்த எண்களைக் காட்டித் திரைத்துணி கேட்பதை அங்குக் காணலாம். அவர்தம் பாட்டிமார் குடியிருந்த லயங்களில் அளந்து திரையிடத்தக்க சன்னல் இருந்ததா? இல்லையெனின் ஏன் இல்லை? இவையே நம் வினாக்கள்.

சொல் கூறும் செய்தி

முதலிற் சொற்களைக் காண்போம். நம் முன்னோர் சன்னலைக் 'காலதர்' என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி காலதர் ஆயிற்று. சிலப்பதிகாரத்தில் இச்சொல் உண்டு. பல கண்களையுடையது பலகணி. ஆங்கிலத்தில் வழங்கும் 'விண்டோ' என்னும் சொல்லும் பழைய வடபுல மொழியிற் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் சொல்லினின்று வந்ததே. குளிர்நாட்டாரும் வெயில்நாட்டாரும் ஒருவரையொருவர் அறியாக் காலத்தே, இப்பொருளைக் காற்றோடு சேர்த்தே எண்ணினர் என்பது இதனாற் போதரும்.

இன்று நாம் வழங்கும் 'சன்னல்' தமிழன்று. 'சனேலா' என்னும் போர்த்துக்கேசியச் சொல்லின் திரிபு. அச்சொல்லே மலாய்மொழியில் 'செண்டேலா' எனப் புகுந்தது. 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைக்கொண்ட பறங்கியர், தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் ஒரே சொல்லை விட்டுச் சென்றனர்.

திரையின் கதை வேறு. மலாய்மொழியில் திரைக்கு வழங்கும் 'தீராய்' என்னும் சொல், நம் 'திரை'யே யாகும். கடை 'கெடாய்' ஆனதும், மாளிகை 'மலிகாய்' ஆனதும் போலத் திரையும் நம் வணிகரோடு கடல் கடந்தது. இந்நாட்டிற் கூலியாய் வந்து இறங்குவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே, தமிழன் இந்நாட்டார்க்குத் திரை என்னும் சொல்லை அளித்திருந்தான்.

கோலும் எழினியும்

அளந்து திரையிடும் கலை தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையை எடுத்துக்கொள்வோம். மாதவி ஆடுதற்கு அரங்கு அமைக்குமுன் அளவுகோல் செய்கின்றனர். கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைத் தேர்ந்து, 24 விரல் அளவு கொண்ட கோலாக நறுக்குகின்றனர். அக்கோலால் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், மேடையின் உயரம் 1 கோல் என அளந்து அரங்கு எடுக்கின்றனர். அதன் பின்னரே திரை வருகின்றது. அஃது ஒன்றன்று, மூன்று. ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது ஒருமுக எழினி; இருபுறமிருந்தும் வந்து நடுவே பொருந்துவது பொருமுக எழினி; மேலே மறைந்திருந்து கீழிறங்குவது கரந்துவரல் எழினி.

இன்று ஒரு கடைக்காரர் காட்டும் ஒற்றைத் திரை, இரட்டைத் திரை, சுருள் திரை என்னும் மூன்றும் இவையே யல்லவா? நெடுநல்வாடையிலோ, கட்டடநூல் வல்லார் நூற்கயிறிட்டுத் திசையறிந்து அரண்மனை வகுக்கும் செய்தி காணப்படுகின்றது. கயிறும் கோலும் கையிற் கொண்டே நம்மவர் வீடு எடுத்தனர்.

நிற்க, இவ்விரு நூல்களும் கூறுவன அரசன் மனையும் ஆடலரங்குமே. ஏழையின் குடிசைக்கு எவர் கோலெடுத்தார் என அந்நூல்களை வினவின் விடையில்லை. நாட்டுப்புறத்து வசதியுள்ள வீட்டிற்கு நடுமுற்றம் வெளிச்சம் தந்தது; கூலியாளின் குடிசைக்கு வாயில் ஒன்றே வாயிலும் சன்னலும் ஆயிற்று. அக்குடிசைகளினின்றே நம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறினர் என்பதை மறத்தலாகாது.

கடல் கடந்த சீலை

தமிழகமும் ஆந்திரமும் அடங்கிய சோழமண்டலக் கரையின் வண்ணச் சீலைகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை மயக்கின. சாமுவேல் பெப்பீசு என்னும் இலண்டன் நகர அலுவலர், 1663-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தம் மனைவியின் படிப்பறைச் சுவரை அணிசெய்ய இந்திய வண்ணச் சீலை வாங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். கட்டிலுக்கும் சுவருக்கும் சன்னலுக்கும் அச்சீலையே வேண்டுமென மாதர் கேட்கத் தொடங்கவே, அந்நாட்டு நெசவாளர் கூக்குரலிட்டனர். பிரெஞ்சு அரசு 1686-இல் அதனைத் தடுத்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. ஆங்கில அரசு 1700-இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721-இல் உடையாகவும் வீட்டு அணியாகவும் பயன்படுத்துவதையே குற்றமாக்கிற்று.

நம்மவர் நெய்து சாயமிட்ட திரையைக் கண்டு பேரரசுகள் அஞ்சிச் சட்டம் செய்தன. பின்னர் ஆலைத்துணி வந்தது, கைத்தறி நலிந்தது. பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் ஒருங்கே துரத்த, தென்னாட்டு உழவரும் கூலிகளும் கடல் கடந்தனர். திரை செய்த நாட்டு மக்களுக்குப் புதிய நாட்டில் எத்தகைய சன்னல் கிடைத்தது என்பதை இனிக் காண்போம்.

சன்னலுக்கு வரி

அதற்குமுன் ஐரோப்பியச் செய்தி இன்னுமொன்று. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சன்னல் வரி என ஒன்றிருந்தது. அதிகாரி தெருவில் நின்று சன்னல்களை எண்ணுவான். எண்ணிக்கை மிகுந்தால் வரியும் மிகும். வரிக்கு அஞ்சியவர் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்தனர். அங்ஙனம் அடைத்த சுவர்களை அந்நாட்டுப் பழைய ஊர்களில் இன்றும் காணலாம். பிரான்சில் கதவுக்கும் சன்னலுக்கும் இட்ட வரி 1798 முதல் 1926 வரை நின்றது. பல குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த வாடகை மனைகளில், வீட்டுக்காரர் அடைத்த சன்னலால் நோயுற்றவர் வரி கட்டாத ஏழைகளே. காற்றும் ஒளியும் எவருக்கும் பொது என்பது பேச்சளவில்தான். சன்னலை எண்ணும் அதிகாரம் ஒருவனுக்கு வந்துவிட்டால் அவற்றிற்கும் விலை வந்துவிடுகின்றது.

பேராக்கின் சன்னல்கள்

பேராக் மாநிலத்திற்கு ரப்பர் வந்தது 1877-இல். கோலகங்சாரில் நட்ட சில கன்றுகளே தொடக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் சுங்கை சிப்புட்டிலும் பிறவிடங்களிலும் காடு தோட்டமாயிற்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது; கங்காணிமுறையோ 1938 வரை ஆள் சேர்த்தது.

தோட்டத்திற் சென்ற ஒருவன், எவரையும் வினவாமலே, சன்னல்களைக் கொண்டு ஆட்களின் தகுதியை அறிந்துவிடலாம். மேட்டின்மேல் துரை பங்களா. நான்கு புறமும் காற்று. வெயில் மறைக்க மூங்கில் தட்டிகள். உள்ளே சன்னல்தோறும் திரை. இடையில் கிராணி வீடு. அதற்குச் சில சன்னல்கள். கம்பியிற் கோத்த அரைத்திரை. கீழே லயன்.

லயன் என்பது யாது? ஒரு நீண்ட கொட்டகை. அதனைத் தடுத்துப் பல அறைகள். தடுப்புச் சுவர் பலவிடத்துக் கூரையைத் தொடாது; ஓர் அறையின் இருமல் மறு அறையிற் கேட்கும். முதுகோடு முதுகு ஒட்டிய லயன்களில் பின்சுவர் இரு வரிசைக்கும் பொது. ஆதலின் பின்புறம் காற்றுக்கு வழியில்லை. முன்புறத்து வாயிலும், பலகைக் கதவிட்ட சிறு திறப்புமே வழி. அத்திறப்பின் வழியே அடுப்புப்புகை வெளியேற வேண்டும். அதன் வழியே காற்று உட்புக வேண்டும். அதற்குத் திரையிட எவர் எண்ணுவர்?

எனினும் லயத்திலும் திரை இருந்தது. அது சன்னலில் தொங்கவில்லை. அறையின் குறுக்கே தொங்கிற்று. மணமான மகன் ஒருபுறமும் பெற்றோர் ஒருபுறமும் படுப்பதற்கும், பிள்ளைப்பேற்றுக்கும், பெண் உடைமாற்றுவதற்கும் பழஞ்சேலை ஒன்றைக் கயிற்றிற் கட்டினர். திரைச்சீலை என்னும் சொல்லில் உள்ள சீலையும் நம் மாதர் உடுக்கும் சேலையும் ஒன்றே. பேரரசுகளை அஞ்சவைத்த அச்சீலை, கிழிந்த நிலையில், ஒரு பெண்ணின் மானத்தைக் காக்கும் சுவராய் நின்றது. அளவெடுக்காத திரை அஃது. அதன் நீளம் ஒரு சேலையின் நீளம்.

இன்னொன்றையும் கூறவேண்டும். தோட்டங்கள் பலவற்றில் சாதி பார்த்து லயன் பிரித்தனர். தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி லயன் ஒதுக்கினர். இப்பாகுபாட்டை வேண்டிப் பெற்றோரும் நம்மவரே. உயர்ந்த சாதி லயத்திலும் தாழ்ந்த சாதி லயத்திலும் பலகை ஒன்றே, புகை ஒன்றே, இருள் ஒன்றே. சாதிக்கொரு லயன் கேட்டவர், அறைக்கொரு நல்ல சன்னல் கேட்டிருப்பாராயின் எத்துணைக் குழந்தைகள் பிழைத்திருக்கும்!

கெல்லி மாளிகை

கோப்பேங்கிலிருந்து பத்துகாஜா செல்லும் சாலையில், ராயா ஆற்றங்கரையில், முற்றுப்பெறாத மாளிகை ஒன்று நிற்கின்றது. காட்லாந்து நாட்டினரான வில்லியம் கெல்லி சுமித் என்னும் தோட்டமுதலாளி, முன்னரே கட்டிய தம் வீட்டை விரிவாக்க 1915-இல் இதனைத் தொடங்கினார். தென்னிந்தியாவினின்று தமிழ்க் கைவினைஞர் வரவழைக்கப்பட்டனர். 1918-இல் உலகெங்கும் பரவிய விடக்காய்ச்சல் அவருள் பலரைக் கொண்டுபோயிற்று. அம்மாளிகைக்கு அருகே தொழிலாளர் வழிபடும் மாரியம்மன் கோயில் இன்றும் உள்ளது. 1926-இல் சுமித் லிசுபன் நகரில் இறந்தார். அவர் மனைவியார் தோட்டத்தை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். மாளிகை அரைகுறையாய் நின்றுவிட்டது.

அங்குச் செல்வோர் ஆவிக்கதை கேட்கின்றனர். நாம் அவர்களை அச்சன்னல்களைக் காணுமாறு வேண்டுகின்றோம். வளைவு வளைவாய், வரிசை வரிசையாய், செங்கல்லை அளந்து அடுக்கி அவற்றைக் கட்டிய கைகள் தமிழ்க்கைகள். அவற்றுட் பல, கதவும் திரையும் காணாமலே நூறாண்டு கழிந்தன. ஒரு குடும்பத்திற்கு இத்துணைச் சன்னல் கட்டிய தொழிலாளி, மாலையில் எத்தகைய கூரையின்கீழ்த் திரும்பினான் என்பதை எண்ணிப் பார்ப்பின், ஆவிக்கதையினும் அதுவே நெஞ்சை நடுக்கும்.

காற்றைப் பழித்த காலம்

சன்னலில்லாமைக்கு முதலாளியின் சிக்கனமே முழுக் காரணம் என்று கூறிவிடுதல் நேர்மையன்று. மக்களின் அறியாமையும் துணை நின்றது. 'மலேரியா' என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பது பொருள். இராக்காற்று காய்ச்சல் தரும் என மேனாட்டாரே நம்பினர். 1897-இல் ரொனால்டு ராசு கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டபின்னரே காற்றின்மேற் சுமத்திய பழி நீங்கிற்று. நம்மவரோ காய்ச்சலுக்கு மட்டுமன்றிக் கண்ணேறுக்கும் காத்துக்கறுப்புக்கும் அஞ்சி இருந்த திறப்பையும் சாக்கால் அடைத்தனர். பிள்ளை பெற்றவளையும் பச்சிளங்குழந்தையையும் புகையறையில் அடைத்தனர். சாக்கு கொசுவைத் தடுக்கவில்லை, காற்றைத்தான் தடுத்தது.

சட்டம் அளந்த சன்னல்

1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் தோட்டத்து வீடு, நீர், மருத்துவம் முதலியவற்றை அரசின் மேற்பார்வைக்குக் கொணர்ந்தது. விடுதலைக்குப் பின், 1966-ஆம் ஆண்டில், தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்திற்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. அது 1990-இல் புதிய சட்டமாகி, 2019-இல் திருத்தமும் பெற்றது. 1984-ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டட விதிகளோ சன்னலுக்கே கணக்குக் கூறின. அறையின் தரைப்பரப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கிற்குக் குறையாமல் சன்னல் வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கேனும் காற்று தடையின்றிப் புகத் திறக்க வேண்டும். 10 அடிக்கு 10 அடி அறையெனின் தரை 100 சதுர அடி. சன்னல் 10 சதுர அடி. அதாவது இரண்டரை அடிக்கு நான்கடி. பழைய லயத்துப் பலகைத் திறப்பை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்க்கு வேறு விளக்கம் வேண்டா.

இதற்கிடையே தோட்டங்கள் துண்டாடப்பட்டன; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. சுங்கை சிப்புட்டிற் பிறந்த வீ. தி. சம்பந்தனார், துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்குமாறு 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டார். தோட்டத்தில் பங்குடையவராதல் பெருஞ்செயலே. எனினும் தாம் குடியிருந்த வீடு தமதன்று என்னும் நிலையிலேயே பல்லாயிரவர் தோட்டத்தை விட்டு வெளியேறினர். அவர்களுட் பலர் நகர்ப்புறத்து மலிவுவிலை வீடுகளிற் குடிபுகுந்தனர். ஆங்குச் சன்னல் இருந்தது; கண்ணாடி இருந்தது; எதிர்வீட்டாரின் கண்ணும் இருந்தது. திரை தேவையாயிற்று.

அளக்கும் முறை

ஆதலின் அளக்கும் முறையையும் கூறுதல் நம் கடமை. சாணும் முழமும் ஆளுக்கு ஆள் வேறுபடும், கயிறு நீளும். இரும்பு நாடா கொள்க. நம் நாடு 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் அளவைக்கு மாறினும், திரைக்கடையில் அடியும் அங்குலமும் இன்றும் வழங்குகின்றன. எதுவாயினும் ஒன்றையே கொள்க, இரண்டையும் கலத்தலாகாது.

சன்னற் சட்டம் எல்லாவிடத்தும் ஒரே அளவாய் இராது. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்றிடத்தும் அளந்து எழுதுக. வெளியே தொங்கும் திரைக்கு மிகப்பெரிய அளவையும், சட்டத்தினுள் பொருத்தும் சுருள் திரைக்கு மிகச்சிறிய அகலத்தையும் கொள்க. திரைக்கம்பி இருபுறமும் அரையடி நீண்டும், சட்டத்திற்கு அரையடி மேலேயும் இருத்தல் நன்று. அப்பொழுதுதான் திரையை ஒதுக்குங்கால் துணி சுவரின்மேல் ஒதுங்கும். சன்னலின் ஒளியைத் தின்னாது.

எடுத்துக்காட்டாக, 4 அடிக்கு 4 அடிச் சன்னல் ஒன்றைக் கொள்வோம். கம்பி 5 அடி. மடிப்பு விழுந்து அழகாய்த் தொங்கக் கம்பியின் இருமடங்கு துணி வேண்டும். ஆகவே 10 அடி. 60 அங்குல அகலத்துணியில் இரண்டு பாகம் இதற்குப் போதும். உயரம் 4 அடி. மேலே அரையடி, கீழே அரையடி, மடித்துத் தைக்க 1 அடி. ஆக 6 அடி, அதாவது 2 கெஜம். இரண்டு பாகத்திற்கும் 4 கெஜம். பருத்தித் துணியாயின் வெட்டுமுன் நனைத்து உலர்த்துக. இன்றேல் முதற் சலவையிலேயே திரை முழங்காலுக்கு ஏறிவிடும். தேவையறியாது 7 கெஜம் வாங்கிக் கடன்படுவதும், 3 கெஜம் வாங்கி ஒட்டுப்போடுவதும் அளவாமையால் விளையும் கேடுகள்.

இனிச் செய்யற்பாலது

தோழர்களே! இவ்வரலாறு நம் சன்னலோடு முடிந்துவிடவில்லை. இன்று பேராக் தோட்டங்களில் நாம் விட்டுவந்த லயங்களிலும் புதிய விடுதிகளிலும் வாழ்வோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியருமாவர். அவர்தம் பெயரைப் பதிவேட்டில் எழுதுவோர் கிராணிமாராகிய நாமே. தோட்டக் கணக்கேடு ஆட்களை எண்ணும், குலைகளை எண்ணும், அரிவாள்களையும் எண்ணும். ஓர் அறையில் எத்தனை பேர், அவ்வறைக்கு எத்தனை சன்னல், அவற்றுள் எத்தனை திறக்கும் என எண்ணுவதற்கும் ஒரு பத்தி வேண்டும். அப்பத்தியை வரைவதற்குப் பேனாவும் அளவுநாடாவும் போதும், பெருந்துணிவு வேண்டுவதில்லை. எண்ணி எழுதிய குறையை மேலதிகாரி மறுத்தல் எளிதன்று. எழுதாத குறையோ எவர்க்கும் தெரியாது.

நம் பாட்டன்மாரின் சன்னலை அளந்து எழுதியவர் இலர். எழுதியிருப்பின், குழந்தைகள் இறந்ததற்குக் காற்றையும் காத்துக்கறுப்பையும் பழித்துக்கொண்டிரோம். திரையிடுவதும் விலக்குவதும் வீட்டிலுள்ளார் விருப்பம்; சன்னலோ அவர் உரிமை. நம் வீட்டுச் சன்னலுக்குத் திரை தைக்க நாடா எடுக்கும் நாம், வேற்றுநாட்டுத் தொழிலாளியின் அறையையும் அதே நாடாவால் அளந்து எழுதுவோமாக.